கொரின் வீட்டு நீலப் பிரஸ்

மார்ச் 3, ஞாயிறு

தோட்டா போடுகிற பிரஸ் உடைந்துவிட்டது. வார்ப்பிரும்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருப்பது போன மாதமே தெரியும். இன்று மதியம் வெர்லின் கைப்பிடியை அழுத்தியதும் ணங்கென்று ஒரு சத்தம், கைப்பிடி அவன் கையோடு வந்துவிட்டது. இரண்டு பேரும் கராஜில் நின்று, செத்த நாயைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தோம்.

கல்யாணமான புதிதில் ஒரு பண்ணை ஏலத்தில் எடுத்தது. கடைத் தோட்டா வாங்கிச் சுடுகிற வசதி எங்களுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவது நான். அதன் அடியில் தீப்பொறி தரும் புது பிரைமர் குத்தி, வெடிமருந்து போட்டு, ஈயக்குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்கித் தருவது அவன். கிளப்பில் இரும்புத் தட்டு விழுத்தும் போட்டியில் நான் மூன்று கோப்பை வாங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் பாதி அவனுடையது.

"புதுசா ஒண்ணு வாங்கிடலாம்," என்றேன். "ஏப்ரல்ல போட்டி ஆரம்பிக்குது."

"இப்ப என்ன அவசரம்? கொரின் வீட்ல அந்த நீலப் பிரஸ் சும்மாதானே கிடக்கு. அங்கயே போட்டுக்கலாம்."

சும்மா கிடக்கிறதாம். அவளும்தான் சும்மா இருக்கிறாள்.

மார்ச் 7, வியாழன்

போனான். வந்தான்.

எழுதிவைக்காவிட்டால் நெஞ்சிலேயே கிடந்து அரிக்கும், அதனால் எழுதுகிறேன். கொரினின் கணவன் ஹால் போன இலையுதிர்காலத்தில் எல்க் மான் வேட்டைக்குப் போன இடத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். நல்ல மனிதன், வெர்லினுக்குக் கிளப் சிநேகிதன். போகும்போது அவளுக்கு ஒரு வீடு, ஒரு குதிரை, கராஜில் அந்த நீல யந்திரம், இவ்வளவையும் விட்டுவிட்டுப் போனான். ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு முழுத் தோட்டா வந்து விழும். அவளுக்கு அதில் மருந்தை எந்தப் பக்கம் கொட்டுவது என்றுகூடத் தெரியாது. கிறிஸ்மஸ் முடிந்ததும் "போய்க் காட்டிட்டு வரேன்" என்று கிளம்பினான். அன்றையிலிருந்து ஒவ்வொரு வியாழனும் காட்டிக்கொண்டே இருக்கிறான்.

ஜனவரியிலிருந்து பிக்கப் வண்டியை ஓட்டமாட்டேன் என்கிறான். முதுகு வலியாம். மளிகைக்கு, தேவாலயத்துக்கு, அவன் வேலை செய்கிற வொர்க்‌ஷாப்புக்கு, எல்லாவற்றுக்கும் நான்தான் ஓட்டுகிறேன். கொரின் வீட்டுக்கு மட்டும் இந்தச் சேற்றிலும் பனியிலும் நடந்தே போகிறான். முதுகு வலிக்காரன்!

இன்று சட்டையில் கேக் தூள். நான் பள்ளிக்கூடத்தில் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பட்டைத்தூள் தூவிய இனிப்பு ரோல் சுட்டுப் போடுகிறவள். என் புருஷன் அவள் வீட்டில் கடைக் கேக் தின்றுவிட்டு வருகிறான்.

மார்ச் 11, திங்கள்

பள்ளிச் சமையலறையில் டார்லா தட்டுகளைக் கழுவிக்கொண்டே ஆரம்பித்தாள். அவளும் நானும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் வாய்க்கு மூடி கிடையாது.

"ஏண்டி ஆர்லிஸ், உன் ஆளு வியாழக்கிழமை தவறாம கொரின் வீட்டுப் பக்கம் போறான்னு என் மாமியார் சொன்னாங்க."

"தோட்டா போடக் கத்துக்குடுக்கறான்."

"இன்னுமா கத்துக்கிட்டிருக்கா? என் தம்பி டிராக்டரையே ரெண்டு நாள்ல கத்துக்கிட்டான்."

நான் மாவைப் பிசைந்தேன். அளவுக்கு மேல் பிசைந்துவிட்டேன்போல. ரோல் ரப்பர் மாதிரி வந்தது. இந்த ஊர் வழக்கப்படி மிளகாய்க் கறியில் முக்கித் தின்றுவிட்டார்கள் பிள்ளைகள், பாவம்.

மார்ச் 16, சனி

டுவெய்ன் கடைக்குப் போனேன். துப்பாக்கி, தூண்டில், காலுறை எல்லாம் விற்பான். போட்டிகளை நடத்துவதும் அவன்தான்.

"பிரஸ் பாக்கணும்," என்றேன்.

"மூணு தினுசு இருக்கு ஆர்லிஸ். ஒண்ணு, ஒரு இழுப்புக்கு ஒரு வேலை. கூட்டை நேராக்க ஒரு இழுப்பு, வாயை விரிக்க ஒரு இழுப்பு, குண்டு வைக்க ஒரு இழுப்பு. ஒரு வேலைய எல்லாக் கூட்டுக்கும் முடிச்சுட்டுத்தான் அச்சை மாத்தணும். மெதுவாத்தான் போகும், ஆனா சாகவே சாகாது. ரெண்டாவது, மேல அச்செல்லாம் மாட்டின தலை சுத்தும். கழட்டி மாட்ற வேலை மிச்சம். மூணாவது, கொரின் வீட்ல ஹால் வாங்கி வச்சிருந்தானே, அது. கீழ தட்டு சுத்தும், எல்லா வேலையும் ஒரே நேரத்துல நடக்கும்."

"அவ வீட்ல இருக்கறது என்ன விலை?"

சொன்னான். எங்கள் வீட்டுக் கணப்பே அவ்வளவு பெறாது.

"உங்களுக்கு எதுக்கு அது? மாசத்துக்கு ஒரு போட்டி சுடறீங்க. முதல் தினுசு போதும். விலையும் கம்மி, தப்பும் கம்மி."

போதுமாம். அவளுக்கு நீலம், எனக்குப் போதுமானது. விலைப் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

சாப்பாட்டு மேஜையில் விலைப் புத்தகத்தை விரித்து அவன் முன்னால் வைத்தேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"வேண்டாம் ஆர்லி."

"விலை கம்மியாத்தான் இருக்கு. இதப் பாரு, இந்த சிவப்பு —"

"விலைக்காகச் சொல்லல. வேண்டாம்னா வேண்டாம்."

"ஏன்? காரணம் சொல்லு."

"அங்க ஒண்ணு இருக்குல்ல? அது போதும்."

துப்பாக்கிச் சாமான் வேண்டாம் என்று இவன் சொல்லி நான் கேட்டதே இல்லை. தேவையில்லாத ஸ்பிரிங்குக்கெல்லாம் கெஞ்சுகிறவன். இப்போது அச்சடித்த விலையில் பாதிக்குக் கிடைத்தாலும் வேண்டாம் என்பான். ஏனென்றால் வீட்டில் ஒரு பிரஸ் வந்துவிட்டால் வியாழக்கிழமைக்கு வேறு சாக்கு தேட வேண்டுமே.

இன்னொன்று. இதை நான் டார்லாவிடம்கூடச் சொல்லவில்லை. பேசும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் காதைப் பார்க்கிறான். காதுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி நிற்கிற மாதிரி அங்கேயே பார்த்துப் பேசுகிறான். சில வாரங்களாகவே அப்படித்தான். குற்றமுள்ளவன் எப்படி நேராகப் பார்ப்பான்?

மார்ச் 21, வியாழன்

ரொட்டி வாங்கப் போகிறவள் ஏன் அந்தத் தெருவழியாகப் போனேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் தெரிந்துதான் போனேன்.

வெயில் அடித்ததால் கராஜ் கதவைத் தூக்கி வைத்திருந்தார்கள். நீலப் பிரஸ் மேஜைமேல் பெரிய கோழி மாதிரி உட்கார்ந்திருந்தது. அவன் கைப்பிடியைப் பிடித்திருக்கிறான். அவள் பக்கத்தில் — பக்கத்தில் என்றால் தோளோடு தோள் — குனிந்து, முகத்தை அவன் கைக்கு அருகே கொண்டுபோய், ஏதோ சொன்னாள். ஒரே ஒரு சொல். அவன் இழுத்தான். அவள் மறுபடி குனிந்தாள். மறுபடி அந்தச் சொல். மறுபடி இழுத்தான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை, விளையாடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொஞ்சிக் குலாவியிருந்தால் இறங்கிப்போய்க் கத்தியிருப்பேன். அவர்கள் பல வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்தவர்கள் மாதிரி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னோடு அவன் அப்படி ஒரு நாளும் சேர்ந்து போட்டதில்லை. "நீ சுடறவ, உனக்கு எதுக்கு இந்தக் கரி?" என்று கராஜுக்கு வெளியேதான் நிறுத்துவான். அதைப் பிரியம் என்று நினைத்திருந்தேன்.

ரொட்டி வாங்காமலே திரும்பிவிட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

மார்ச் 30, சனி

வாங்கிவிட்டேன். பச்சை நிறம்.

டுவெய்ன் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டான். "நிச்சயமா இதுதான் வேணுமா?" நான் கேட்டது இதுதான்: கொரின் வீட்டில் இருப்பதுபோலவே, அதே வேலை, கையில் இருக்கிற பணத்துக்குள். அப்படி ஒன்று இருந்தது. ஏதோ பேர் தெரியாத கம்பெனி.

"அந்த நீலத்துல தட்டு தானா சுத்தும். இதுல கையால திருப்பணும். மறந்தீங்கன்னா ஒரே கூட்டுல ரெண்டு தடவை மருந்து விழும். டப்பால மருந்து அடைச்சுக்கிட்டா விழவே விழாது. ஒவ்வொரு தடவையும் கூட்டுக்குள்ள எட்டிப் பாத்தாத்தான் தெரியும். விலை ஏன் கம்மின்னு நினைக்கறீங்க?"

"வெர்லினுக்கு நீ கத்துக்குடுக்கப் போறியா?"

"அவனுக்கு நான் என்னத்தக் கத்துக்குடுக்கறது," என்று சிரித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பக்கத்து இருக்கையில் அந்தப் பெட்டி. ஒரு ஆளோடு வருகிற மாதிரிதான் இருந்தது. சந்தோஷமாக இருந்தேனா? இருந்தேன். அவளிடம் இருப்பது என்னிடமும் இருக்கிறது என்கிற சந்தோஷம். மட்டமான சந்தோஷம்தான்.

ஏப்ரல் 6, சனி

ஒரு வாரமாகப் பெட்டியைத் தொடவில்லை அவன். கடைசியில் நானே பிரித்து, மேஜையில் ஓட்டை போட்டு முடுக்கினேன். கை முழுக்கக் கிரீஸ்.

"அடுத்த சனிக்கிழமை போட்டி. எனக்கு ஒரு பெட்டி தோட்டா போட்டுக் குடு. இங்க. நம்ம வீட்ல."

"கொரின் வீட்ல ஏற்கெனவே உனக்குன்னு போட்டு வச்சிருக்கோம்."

வச்சிருக்கோம். அந்த ஓம் எனக்கு நெஞ்சில் குத்தியது.

"அவ கை பட்ட தோட்டா எனக்கு வேண்டாம்."

"ஆர்லி, நான் சொல்றதக் கேளு. இந்த யந்திரம் —"

"யந்திரத்துக்கு என்ன? அவளுக்குன்னா உக்காந்து மணிக்கணக்கா போடறே. எனக்குன்னா மட்டும் கண்ணு தெரியாதா உனக்கு?"

இவ்வளவு நாள் அடக்கியது அப்படி வெளியே வந்துவிட்டது. திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, "கதவச் சாத்திட்டுப் போ" என்றான்.

உள்ளேயிருந்து கைப்பிடிச் சத்தம் கேட்டது. மெதுவாக, ரொம்ப மெதுவாக. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறான் என்று நினைத்தேன். கடைசியில் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். நெற்றியெல்லாம் வேர்வை. வெளியே உறைபனி.

நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுதத்தான் இந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

ஏப்ரல் 13, சனி

போட்டியில் நடந்ததை மட்டும் இன்று எழுதுகிறேன்.

காற்று பலமாக இருந்தது. கூட்டம் குறைவு. நான் துப்பாக்கியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது கொரின் வந்தாள். பச்சைக் கோட்டு, ஹாலின் பழைய தொப்பி. என்னைவிடப் பத்து வயது சின்னவள், பார்த்தால் பதினைந்து சின்னவள் என்று சொல்லலாம்.

"ஆர்லிஸ், இன்னிக்கு என்கிட்ட இருக்கற தோட்டாவ எடுத்துக்குங்களேன். நிறைய இருக்கு."

"எதுக்கு? என் புருஷன் எனக்குப் போட்டுக் குடுத்தது இருக்கு." என் புருஷன் என்பதை அழுத்தித்தான் சொன்னேன்.

அவள் முகம் மாறியது. "எங்க போட்டாரு? உங்க வீட்லயா? தனியாவா?"

"ஏன், என் வீட்ல போடக் கூடாதா? உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வெர்லின் இருந்த பக்கம் பார்த்தாள். அவன் தூரத்தில் பெஞ்சில், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

என் முறை வந்தபோது அவள் டுவெய்னிடம் போய் நேரம் பார்க்கும் கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நேரம் பார்ப்பவர் நிற்கிற இடத்தில், என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். என் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சரி, பார்க்கட்டும், என் புருஷன் போட்ட தோட்டாவில் நான் எப்படிச் சுடுகிறேன் என்று பார்க்கட்டும்.

கருவியில் மணி அடித்தது. முதல் தட்டு விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. நான் இவ்வளவு வேகமாகச் சுட்டதே இல்லை. நாலாவதை இழுத்தேன். 'டப்' என்றது.

டம் இல்லை, டப். பாட்டில் மூடி திறக்கிற சத்தம். கையில் உதைப்பே இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று பள்ளிப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்: கூட்டில் மருந்து இல்லை, பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழல் பாதிவரை தள்ளிவிட்டது, குழல் அடைத்திருக்கிறது. அடுத்த குண்டு அதன்மேல் போய் மோதினால் குழல் கையிலேயே கிழிந்துவிடும். எனக்குத் தெரியும். தெரிந்தும் என் விரல் நிற்கவில்லை. கோபத்தில் இருந்தேன். விரல் ஏற்கெனவே அடுத்ததை இழுக்க ஆரம்பித்திருந்தது.

"நிறுத்து! ஆர்லிஸ், நிறுத்துடி!"

காதுக்குள்ளேயே கத்தினாள். கத்திக்கொண்டே கருவியைக் கீழே போட்டுவிட்டு என் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குழல் மண்மேட்டைப் பார்த்தபடி அப்படியே நின்றது. அவள் நகம் பதிந்த இடம் இப்போதும் சிவந்திருக்கிறது.

டுவெய்ன் வந்து துப்பாக்கியை வாங்கி, தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலின் வாய்வழியாகக் குச்சியை விட்டுப் பார்த்தான். பாதியில் நின்றது. குச்சியில் கட்டைவிரல் வைத்து எவ்வளவு தூரம் போனது என்று எனக்குக் காட்டினான், அவ்வளவுதான்.

நான் கொரின் பக்கம் திரும்பினேன். "உனக்கு எப்படித் தெரியும்? டப்புன்னு கேட்டதும் பிடிக்கல நீ. அதுக்கு முன்னாடியே கைய நீட்டிக்கிட்டு நின்னே."

அவள் அழுதுகொண்டிருந்தாள். "அவர்கிட்ட கேளுங்க," என்றாள். "இனிமே அவர்தான் சொல்லணும்."

ஏப்ரல் 14, ஞாயிறு

தேவாலயத்துக்குப் போகவில்லை.

நேற்று வண்டியில் ஏறியதும் அவனே சொன்னான். நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"எனக்குக் கண்ணு போயிக்கிட்டிருக்கு ஆர்லி. வலது கண்ணுல நடுவுல ஒரே அழுக்கு. இடதுலயும் ஆரம்பிச்சிடுச்சு. ஓரம் தெரியுது. நடு தெரியல."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். காற்று கதவை ஆட்டிக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து?"

"நவம்பர்ல, நன்றி சொல்ற நாள் சமயத்துலேர்ந்து. டாக்டர்கிட்ட ஜனவரியில போனேன். பில்லிங்ஸ் டவுன்ல கண் ஸ்பெஷலிஸ்ட்டப் பாக்கச் சொன்னாரு. போகல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்? வண்டி போச்சு, வொர்க்‌ஷாப் வேலை போச்சு, உனக்குத் தோட்டா போடறது போச்சு. அதுக்கு அப்புறம் நான் என்னத்துக்கு?"

ஹாலின் யந்திரத்தைச் சொல்லிக்கொடுக்கப் போன முதல் நாளே மருந்தைக் கூட்டுக்கு வெளியே மேஜையில் கொட்டியிருக்கிறான். கொட்டியது அவனுக்குத் தெரியவில்லை. கொரினுக்குத் தெரிந்துவிட்டது. அன்றையிலிருந்து அவளுக்கு அவன் வேலை சொல்லிக்கொடுப்பதும், அவனுக்கு அவள் கூட்டுக்குள் பார்த்துச் சொல்வதுமாக நடந்திருக்கிறது. நான் தெருவிலிருந்து பார்த்த அந்த ஒற்றைச் சொல் 'இருக்கு'. மருந்து இருக்கு, இழு. மருந்து இருக்கு, இழு.

"அன்னிக்கு நீ கண்ணு தெரியாதான்னு கேட்டதும் எனக்கு வீம்பு வந்துடுச்சு," என்றான். "தடவிப் பாத்தேன். காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்தேன். எல்லாம் சரியா இருக்குன்னுதான் தோணிச்சு. போட்டிக்குப் போகாதேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. உன் கை போயிருந்தா —" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் கேட்டேன், இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை: "என் முகத்த ஏன் பாக்க மாட்டேங்கறே?"

"பாக்கறேனே. நேரா பாத்தா உன் முகம் இருக்கற இடத்துல ஒண்ணுமில்ல. காதுப் பக்கம் பாத்தாத்தான் நீ தெரியறே."

வீட்டுக்கு வந்து மிச்சத் தோட்டாக்களை ஒவ்வொன்றாக, குண்டை உருவும் சுத்தி மாதிரியான கருவியில் வைத்துத் தட்டிக் கழற்றினேன். இன்னும் சில காலி. ஒன்றைக் கவிழ்த்தால் காகிதத்தில் மருந்து குவியலாகக் கொட்டியது, இரண்டு அளவு. அது வெடித்திருந்தால் கொரின் கத்துவதற்குக்கூட நேரம் இருந்திருக்காது. அதை அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். இன்றைக்கு வேண்டாம்.

ஏப்ரல் 15, திங்கள்

அழுது முடித்துவிட்டேன் என்று பார்த்தால் மறுபடி அதே எரிச்சல். வேறொன்றும் நடக்கவில்லை, சரி. ஆனால் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான்கு மாதம். இதற்கு அவன் அவளை முத்தமிட்டிருக்கலாம் என்றுகூடத் தோன்றுகிறது — பைத்தியம்!

ஏப்ரல் 21, ஈஸ்டர்

பூசை முடிந்து வண்டிகள் நிற்கிற இடத்தில் கொரினை நிறுத்தினேன். நன்றி சொல்லத்தான் போனேன். வாயில் வேறு வந்தது.

"என் கை போயிருந்தா என்ன பண்ணியிருப்பே? நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்," என்றாள். "சத்தியம் வாங்கிட்டாரு. ஒவ்வொரு வியாழனும் 'அடுத்த வாரம் ஆர்லிகிட்ட சொல்லிடறேன்'னுதான் சொல்லுவாரு. அன்னிக்கு உங்க கைல அந்தப் பெட்டியப் பாத்ததும் சத்தியமாவது மண்ணாவதுன்னு கத்தியிருக்கணும். எல்லார் முன்னாடியும் அவரு மானம் போயிடுமேன்னு நினைச்சேன். பின்னாடி வந்து நின்னேன். அது போதாதுன்னு எனக்குத் தெரியும்."

"நீ அவன உன் வீட்ல வச்சிக்கிட்டு —" என்று ஆரம்பித்தேன். என்ன சொல்ல வந்தேனோ முடிக்க முடியவில்லை.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "ஆர்லிஸ், ஒண்ணு சொல்லட்டுமா? அவரு எங்க வீட்ல பேசறது பூரா உங்களப் பத்தித்தான். நீங்க எந்த வருஷம் எத்தனை தட்டு விழுத்தினீங்கன்னு எனக்கு மனப்பாடம். ஹால் என்னப் பத்தி அப்படி யார்கிட்டயும் பேசினதில்ல. சில வியாழக்கிழமை அவரு கிளம்பினதும் எனக்கு எரிச்சலா வரும். உங்க மேல."

என் மேல். அவளுக்கு. என் மேல்!

வீட்டுக்கு வந்து ஈஸ்டருக்குச் சுட்ட பன்றித்தொடை இறைச்சியில் பாதியை வெட்டி, காகிதத்தில் சுற்றி, அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். கதவைத் தட்டவில்லை.

ஏப்ரல் 27, சனி

பச்சையைத் திருப்பிக் கொடுத்தேன். டுவெய்ன் அலமாரியிலிருந்து முதல் தினுசை எடுத்து மேஜையில் வைத்தான். இருந்ததிலேயே விலை குறைந்தது. கறுப்பு, குட்டையாக, ஒரே ஒரு கைப்பிடி.

"இதுல மருந்துக்கு ஏற்பாடே இல்லையே," என்றேன்.

"அதுதான் விசேஷம். மருந்த நீங்களே கரண்டியால அளந்து போடணும். கூடெல்லாம் இந்த மரக்கட்டைக் குழியில வரிசையா நிக்கும். போட்டு முடிச்சதும் விளக்கப் புடிச்சு ஒவ்வொண்ணா பாக்கலாம். அவசரப்பட முடியாது. அவசரப்படுத்தவும் முடியாது."

மிச்சப் பணத்துக்கு வெளிச்சமான ஒரு சின்ன விளக்கு வாங்கிக்கொண்டேன்.

மே 8, புதன்

லீவு போட்டுவிட்டு பில்லிங்ஸ் போய்வந்தோம். கண்ணுக்குள் ஊசி. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். மாதா மாதம் வரவேண்டும். திரும்பும்போது முழுத் தூரமும் நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் கட்டுப் போட்ட கண்ணோடு உட்கார்ந்துகொண்டு, "அந்த லாரிய ஏன் இவ்வளவு ஒட்டிப் போறே?" என்று நச்சரித்தான். லாரி மட்டும் தெரிகிறது அவனுக்கு!

வொர்க்‌ஷாப்பில் ஜூனோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டான்.

மே 16, வியாழன்

சாயங்காலம் அவன் சட்டை மாற்றினான். நான் காலண்டரைத்தான் பார்த்தேன்: வியாழன். பழைய பழக்கம்.

"கொரினுக்கு இன்னும் கொஞ்சம் காட்ட வேண்டியிருக்கு," என்றான். "நீயும் வா."

போனேன். அவள் கராஜில் முக்காலிகள் இரண்டுதான் இருந்தன. கொரின் சமையலறையிலிருந்து ஒரு நாற்காலி தூக்கிவந்தாள். நீலப் பிரஸ் கிட்டப் பார்த்தால் அவ்வளவு அழகில்லை. அவள் கொடுத்தது கடைக் கேக்தான், சுமார்.

மே 18, சனி

இன்று எங்கள் வீட்டில், கறுப்புப் பிரஸில் முதல் பெட்டித் தோட்டா போட்டோம். முதல் தடவையாக என்னைக் கராஜுக்குள் உட்காரவைத்தான்.

கூட்டை நேராக்குவது, வாய் விரிப்பது, பிரைமர் குத்துவது எல்லாம் அவன். அதற்குக் கண் வேண்டியதில்லை, விரல் நுனி போதும் என்கிறான். பிரைமர் சரியாக உட்கார்ந்ததா என்று கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறான். மருந்து நான். ஒரு கரண்டி, ஒரு கூடு, ஒரு கரண்டி, ஒரு கூடு. அவன் கை கட்டிக்கொண்டு காத்திருந்தான். அவனுக்கு இப்படிக் காத்திருந்து பழக்கமில்லை. எனக்கும்தான்.

ஊற்றும்போது வேறெதையும் நினைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். ஊற்றிக்கொண்டே நான் நினைத்தது, அந்த முதல் நாள் மருந்து கொட்டியபோது கொரின் அவனிடம் என்ன சொல்லியிருப்பாள், அவன் கையைப் பிடித்திருப்பாளா, அவன் அழுதிருப்பானா, அழுதிருந்தால் அதை எனக்குச் சொல்வானா என்று.

முடிந்ததும் விளக்கைப் பிடித்து ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்தேன். கடைசி வரிசைக்கு முன் வரிசையில் ஒன்று கறுப்பாக இருந்தது. சுத்தமாகக் காலி.

"ஒண்ணுல மருந்து இல்ல," என்றேன்.

அவன் தலையைச் சாய்த்தான், என்னைப் பார்ப்பதற்காக. "யார் ஊத்தினது?"

"நான்தான்."

"கண்ணு நல்லாத் தெரியறவ!" என்றான். சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. மேஜை ஆடி மருந்தெல்லாம் சிந்திவிடுமோ என்று நான் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். குளிர்காலம் முழுக்க இவன் சிரித்து நான் கேட்கவில்லை.

எதை நினைத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டான். நான் கரண்டியை எடுத்து அந்த ஒன்றில் மருந்து ஊற்றினேன், மறுபடி விளக்கைப் பிடித்துப் பார்த்தேன்.

"இருக்கு," என்றேன். "இழு."